ஒரு பொன்னாடையும் நான்கு தோள்களும்

எனக்குப் பாட வராது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பாரிஸில் நம்மவர் கூடும் லா சப்பலில் சாட்சிகள் இருக்கிறார்கள். ஆனாலும் கொஞ்சக் காலம் எங்கள் ஆட்கள் என்னைப் 'பாட்டுக்காரர்' என்றே அழைத்தார்கள். நான் எழுதியது வரி மட்டும். மெட்டு முழுவதும் அண்ணையுடையது.

அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. வன்னியிலிருந்து வந்தவர். ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் அவர் இறைச்சி வாட்டினார், நான் சலாட் கழுவினேன். எங்களோடு கோப்பை கழுவிய ஆபிரிக்க நண்பர், பழைய அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டுகளைக் கைபேசியில் போட்டபடிதான் வேலை செய்வார். ஒரு சொல்லும் விளங்காமலே அண்ணை வாட்டுவதை நிறுத்திவிட்டு நிற்பார்.

"டேய், இவன் ஒப்பாரி வைக்கிறானோ காதலிக்கிறானோ எண்டு தெரியேல்லை. ஆனா உள்ளுக்கை என்னவோ செய்யுது."

அந்த 'என்னவோ'வைத் தமிழில் கொண்டுவரவேண்டும் என்று பிடித்த பிடியை அவர் விடவில்லை. இறைச்சி கருகியதும் அதனால்தான்.

மதிய வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவில் கிடைக்கும் ஓய்வில், ரூ காய் தெருவுக்குப் பக்கத்திலுள்ள காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்குப் போவோம். அறையில் பாடினால், பகலில் தூங்கும் இரவு வேலைக்காரர்கள் செருப்பால் எறிவார்கள். இங்கே மெஷின் சுற்றுவதே தாளம். துவைக்க ஒன்றும் இல்லாத நாளில் துவைத்ததையே திரும்பத் துவைத்தோம். அண்ணை சொல் இல்லாமல் ராகத்தை இழுப்பார். நான் அதற்குள் சொல்லை வைப்பேன். ஆசையாக ஓர் அலங்காரச் சொல்லைக் கொண்டுபோனால், "இது கூட்டத்திலை பேசிற சொல்லு. வாய்க்குள்ளை நிக்காது, எடு வெளியாலை" என்பார். என் வரிகள் என்று ஊர் மெச்சியவை எல்லாம் அப்படி அவரிடம் உதை வாங்கித் திருந்தியவை.

வேலை முடிந்து பிந்தி வருகிறவன், தூங்கும் மனைவியை எழுப்பாமல் அவளுக்காக முணுமுணுப்பதுபோல் ஒரு பாட்டு. புடவைக்கடை முதலாளி ஒருவர் காசு போட்டு, ஒரு பாடகரைப் பாடவைத்துக் காணொளி எடுத்தார். பிறகு புறநகர் திரான்சிவரை பெண் அழைத்துவராத கலியாண மண்டபம் இருந்தாலும் அந்தப் பாட்டுப் போடாத மண்டபம் இல்லை. காணொளியில் பாடகரின் பெயர் வந்தது, என் பெயர் வந்தது, கடையின் பெயர் எல்லாவற்றிலும் பெரிதாக வந்தது. பாடகருக்கும் எனக்கும் சம்பளம் கிடைத்தது. அண்ணைக்கு இரண்டும் இல்லை.

நான் முதலாளியிடம் கேட்டேன்.

"மெட்டுக்கு ஆர் தம்பி பேர் கேக்கினம்? அவர் ஆசைக்குப் போட்டவர்தானே. அடுத்த பாட்டிலை பாப்பம்."

அண்ணை வழக்கம்போல் துணி துவைக்க வந்தார். அடுத்த பாட்டுக்கு ராகம் மட்டும் வரவில்லை. "மெஷின் சரியில்லை" என்றார்.

கடையின் ஆண்டு விழாவில் எங்கள் பாட்டைப் பாடினார்கள். அண்ணை மேடையின் ஓரத்தில் கீபோர்ட் வாசித்தார். முடிந்ததும் அறிவிப்பாளர் என்னை மட்டும் கூப்பிட்டு, முதலாளியைக் கொண்டு பொன்னாடை போர்த்தச் செய்தார். நம்மவர் விழாவில் வாசலில் கார் நிறுத்த உதவியவருக்கும் பொன்னாடை உண்டு. அண்ணைக்கு இல்லை.

எனக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதுதான் ஆபத்து. நேரே போய், என் பொன்னாடையைக் கழற்றி அண்ணையின் தோளில் போட்டேன். சபை எழும்பிக் கைதட்டும் என்று நினைத்தேன். எழும்பித்தான் தட்டியது.

"பார்த்தீர்களா, எங்கள் கவிஞரின் பெருந்தன்மையை!" என்று ஒலிவாங்கி அலறியது.

அந்தக் கைதட்டலும் எனக்கே வந்துவிட்டது. அண்ணை அடுத்த பாட்டை வாசித்தார். பொன்னாடை ஒரு பக்கம் சரிந்து கட்டைகளில் விழுந்தது. அதை ஒற்றைக் கையால் தள்ளிவிட்டுத் தாளம் தப்பாமல் வாசித்தார்.

வெளியே பொன்னாடையை ஒழுங்காக மடித்து என்னிடம் தந்தார்.

"நீ நல்ல மனசோடைதான் செய்தனீ. எனக்குத் தெரியும். ஆனா என்ரை சோத்தை எடுத்து எனக்கே பிச்சை போட்ட மாதிரிக் கிடந்தது, தம்பி."

"அண்ணை, நான் அப்பிடி..."

"தெரியுமெண்டு சொல்லிறனெல்லே."

அதன் பிறகு அவர் வேறு குசினிக்கு மாறிவிட்டார். முதலாளி இரண்டாவது பாட்டுக்குக் கேட்டபோது, இருவரின் பெயரும் இருவருக்கும் சம்பளமும் என்றால் எழுதுகிறேன் என்றேன். அவர் வேறு கவிஞரைப் பிடித்தார். நான் தனியாகத் துணி துவைக்கும் கடையில் போய் உட்கார்ந்தேன். மெஷின் சரியாகத்தான் சுற்றியது. உடுப்பு மட்டும் வெளுத்தது.

போன மாதம் அண்ணையின் புதுப் பாட்டு வந்தது. வரி வேறொருவருடையது. தொடக்கத்திலேயே, இசை என்று அண்ணையின் பெயர், திரை நிறைய. மெட்டில் பழைய அண்ணையே இருந்தார். வரியைக் கேட்டபோது, பொய் எதற்கு, கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. உடனே தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, மெட்டுக்கு உங்களைக் கும்பிடவேணும். ஆனா ரெண்டாவது சரணத்திலை சொல்லு போய் முட்டுது."

அவருக்குப் பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

"ஓம், முட்டுது. நீ எண்டால் முட்டாது."

"அப்ப என்னட்டை ஒருக்கால் காட்டியிருக்கலாமே?"

"பேர் போட்டிருக்கிறாங்கள், பாத்தனியே?"

"பாத்தனான் அண்ணை."

"முட்டினாலும் பரவாயில்லை, தம்பி. எனக்கு அது போதும்."

"நல்ல பாட்டு அண்ணை" என்றேன். அதை மனதாரச் சொன்னேன். வைத்தபின், அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டு, இரண்டாவது சரணம் வருமுன் நிறுத்திவிட்டேன்.