லேப்டாப் சரியாகி வந்தது, கரடியின் காது போனது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி மாதத்தில், திருப்பூரில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கும். அப்போது கொதித்ததற்கும் இப்போது கொதிப்பதற்கும் ஆள்தான் வேறு.

நான் பனியன் பிரிண்டிங்குக்குப் படம் வரைந்து தருபவள். குழந்தைகள் டி-ஷர்ட்டில் கரடி, யானை, ராக்கெட் எல்லாம் வருகிறதே, அந்த வேலை. திருமுருகன்பூண்டியில் வீடு. நாள் முழுக்கச் சிற்பக்கூடங்களின் உளிச் சத்தம் கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டே லேப்டாப்பில் கரடி வரைவேன். நான்கைந்து பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு வேலை செய்து வந்தேன்.

அந்த மாதம் லேப்டாப் திரையில் கோடு கோடாக வந்து, ஒருநாள் மொத்தமாகக் கறுத்துவிட்டது. சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் டிஸ்ப்ளேயை மாற்றி, சிஸ்டத்தையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். வாங்கப் போனபோது அவர் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் காதில் போனை வைத்தபடி தலையை ஆட்டிவிட்டு, அவர் நீட்டிய சீட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து திறந்தால், அது என் லேப்டாப்பே இல்லை. என் எழுத்துருக்கள் ஒன்றுகூட இல்லை. தமிழ்த் தட்டச்சு இல்லை. பிரிண்டர் இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. திரையில் எல்லாம் கண் கூசும் நீலமாக இருந்தது. வரையும் மென்பொருளை மறுபடி ஏற்றினால், நான் வருடக்கணக்கில் எனக்குத் தோதாக அடுக்கி வைத்திருந்த கருவிகள் எல்லாம் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். நிறத்தைச் சரி செய்தேன், வெளிச்சத்தைக் குறைத்தேன், எழுத்துருக்களைத் தேடித் தேடி ஏற்றினேன். அந்தக் கடைக்காரரை மனதுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை.

எல்லாவற்றையும் சரி பார்த்த நான் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

படத்தின் அளவை நாங்கள் எண்ணில் பார்ப்பதைவிடத் துணியில் பார்ப்பதுதான் வழக்கம். தைப்பதற்கு முன் வெட்டி வைத்திருக்கும் முன்பக்கத் துணியை எடுத்து, அப்படியே திரையின் மேல் விரித்துப் பிடிப்போம். வெள்ளைத் துணி மெலிசு, பின்னாலிருந்து படம் துணிக்குள் தெரியும். கரடி இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டுமா, மேலே ஏற வேண்டுமா என்று பார்த்துப் பார்த்து வைப்போம். இதற்குத் திரையில் தெரியும் ஓர் அங்குலம் நிஜத்திலும் ஓர் அங்குலமாக இருக்க வேண்டும். என் பழைய திரையில் ஜூமை 78 சதவீதம் என்று வைத்தால் அது கச்சிதமாக வரும். ஒரு ஸ்டிக்கரில் 78 என்று எழுதி லேப்டாப்பிலேயே ஒட்டியிருந்தேன். திரைதான் மாறியது, ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டு 78 என்றே வைத்தேன்.

மென்பொருளில் அளவு எண்ணாகவும் ஓரத்தில் தெரியும். பார்த்தேனா? பார்க்கவில்லை. துணி வைத்துப் பார்க்கும் ஆளுக்கு எண் எதற்கு என்ற திமிர்.

அந்த வாரம் ஒரு யூனிட்டுக்கு அவசர வேலை வந்தது. கரடி படம் போட்ட டி-ஷர்ட். பெரிய சைஸ்களுக்கு எல்லாம் ஏற்கெனவே சாம்பிள் தைத்துக் காட்டி, சரக்கு வாங்கும் பையரின் சம்மதமும் வாங்கியாகிவிட்டது. கடைசி நேரத்தில் இரண்டு வயதுக் குழந்தைக்கான சைஸையும் சேர்க்கச் சொன்னார்கள். படம் அதேதான், அளவைச் சுருக்கினால் போதும். சின்னத் துணியைத் திரையில் பிடித்துப் பார்த்தேன், அழகாக இருந்தது, அச்சுக்கான பிலிம் எடுக்க அனுப்பிவிட்டேன். சாம்பிள் தைத்துப் பார்க்க நேரமில்லை.

அடுத்த நாள் காலை அந்த யூனிட்டின் பிரிண்டிங் மாஸ்டர் போன் செய்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சமீபத்தில்தான் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தார். படம் இந்தத் துணிக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதே, ஒரு தடவை பார்க்கிறீர்களா என்று கேட்டார். நான் துணி வைத்துப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறேன், நீங்கள் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து யூனிட் முதலாளி உடனே வரச் சொன்னார். போனால், மேஜை மேல் தைத்து முடித்த குட்டி டி-ஷர்ட்டுகள் குவிந்து கிடந்தன. ஒரு கரடிக்கும் காது இல்லை. கழுத்தில் ரிப் பட்டை வைத்துத் தைத்தபோது இரண்டு காதும் தையலுக்குள் போய்விட்டன. மொட்டைத் தலையோடு அத்தனை கரடிகளும் என்னைப் பார்த்துச் சிரித்தன. அடித்த பிரிண்டை அழிக்கவும் முடியாது, அந்தத் துணி வேறு எதற்கும் ஆகாது.

யார் தப்பு என்று முதலாளி கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. படம் சரியாகத்தான் இருக்கிறது, பிரிண்டிங் டேபிளில் துணியைக் கீழே இறக்கி வைத்து பிரிண்ட் போட்டிருக்கிறார்கள், அதனால் படம் மேலே ஏறிவிட்டது என்றேன்.

மாஸ்டர் கையில் மை காயாமல் வந்து நின்றார். "நான் குறி வச்ச எடத்துலதான்மா துணியை வச்சிருக்கேன். படமே பெருசா இருக்கு. அன்னைக்கே போன்ல சொன்னேன்லா? ஒரு ஸ்கேல எடுத்து அளந்து பாருங்க, அப்புறம் என்ன வேணாலும் சொல்லுங்க" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. டேபிளின் இரண்டு பக்கமும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் என் வேலையில் குறை சொல்வதா? "கண்ணு தெரியலைன்னா ஊட்டோட இருக்க வேண்டியதுதானுங்களே, எதுக்குங்க அடுத்தவங்க பொழப்பக் கெடுக்கறீங்க?" என்று கத்தினேன். எங்கள் ஊரில் திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். அதனால் அது திட்டு இல்லை என்று ஆகிவிடாது.

அவர் போன் செய்தாரா என்று முதலாளி என்னிடம் கேட்டார். அப்படி எதுவும் வரவில்லை என்றேன். வந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நாளையிலிருந்து அவர் வர வேண்டாம் என்று முதலாளி அங்கேயே சொன்னார்.

வீட்டுக்கு வந்தும் என் ஆத்திரம் அடங்கவில்லை. ஏதாவது ஓர் இடத்தில் அதைக் கொட்ட வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போய், என் பழைய ஏற்பாடு எதுவுமே இல்லையே, என்ன வேலை செய்து கொடுத்தீர்கள் என்று சண்டை பிடித்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய மாடல் டிஸ்ப்ளே எங்கயும் கெடைக்கலீங்க. இதுல புள்ளி ஜாஸ்தி, எழுத்தெல்லாம் பொடுசா தெரிஞ்சுதுங்க. அதனால நாந்தான் கொஞ்சம் பெரிசு பண்ணி வெச்சேன். அளவெல்லாம் முன்ன மாதிரி வராது, ஒருக்கா சரி பாத்துக்கோங்கன்னு அன்னைக்கே சொன்னனுங்களே" என்றார். நான் கையெழுத்துப் போட்ட சீட்டையும் எடுத்துக் காட்டினார். அதிலும் அதையே எழுதியிருந்தார்.

அவர் மேஜையில் கிடந்த ஸ்கேலை எடுத்து, கரடி படத்தைத் திறந்து, 78 வைத்து, திரை மேல் வைத்தேன். ஆறு அங்குலம் என்று கணினி சொன்ன கோடு, திரையில் ஐந்தரையைக்கூடத் தொடவில்லை. கடைக்காரர் பெரிதாக்கியும் போதாமல், திரை எல்லாவற்றையும் சின்னதாகக் காட்டியிருக்கிறது. நான் துணிக்குப் பொருத்தமாக வரும்வரை கரடியைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறேன். அந்த மனிதர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் அசரவே இல்லை. "உடுங்க மேடம், போனது போச்சு. பையர்கிட்ட பிரிண்டிங் மிஸ்டேக்குன்னு சொல்லியாச்சுங்க. அந்தாளையும் மாத்தோணும்னு தானுங்க இருந்தேன். இப்பப் போயி நீங்க ஒண்ணு சொன்னா உங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. படி இறங்கி வண்டியை எடுக்கும்வரை அந்த நிம்மதி இருந்தது. பிறகு ஆத்திரம் வந்தது பாருங்கள், அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒருவரைத் துரத்தக் காரணம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் இந்த மனிதர், கத்தியைத் தீட்டிக் கையில் கொடுத்தவள் நான்.

இரண்டு நாள் விசாரித்து மாஸ்டரின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். வரிசை வீடுகளில் ஒன்று. அவர் மனைவி கதவைத் திறந்து, நான் யார் என்று தெரிந்ததும் உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நிற்கவைத்துச் சொன்னார்: அதற்குள் மாஸ்டர் இரண்டு யூனிட்டுகளில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். திருப்பூரில் பிரிண்டிங் மாஸ்டர்களுக்கும் டிசைனர்களுக்கும் சேர்த்துப் போனில் ஒரு குழு உண்டு, நானும் அதில் இருக்கிறேன். கண் தெரியாத மாஸ்டர் என்ற பேச்சு அதில் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. டேபிள் வேலை தர முடியாது, பீஸ் மடித்துக் கட்டும் வேலை இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அத்தனை வருடம் மாஸ்டராக நின்றவரிடம்.

அவர் வெளியே வந்தார். தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள் என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. "இங்க வந்து அழுது என்ன செய்ய? எங்க வச்சு சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாள் டீ நேரத்தில் லேப்டாப்பையும் வெட்டிய துணியையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு அந்த யூனிட்டுக்குப் போனேன். முதலாளி தடுத்தார், கேட்கவில்லை. டேபிள் ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, துணியைத் திரையில் வைத்து, ஸ்கேலை வைத்து, எப்படித் தப்பு நடந்தது என்று காட்டினேன். ஒருவர் பக்கத்திலிருந்த வடநாட்டுத் தொழிலாளிகளுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லோரும் 'உச்' கொட்டினார்கள். லேப்டாப் செய்த வேலைக்கு மேடம் என்ன செய்வார் என்று யாரோ சொன்னார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள், பழி மெஷின் மேல் போய்விட்டது. அந்தச் சுகம் எனக்கு அருவருப்பாக இருந்தது. "மாஸ்டர் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாருங்க. வரலைன்னு நாந்தான் பொய் சொன்னேன்" என்றேன். இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்று, என்னைப் பார்த்துவிட்டு, அதையும் மெதுவாகச் சொன்னார். அதற்கு யாரும் உச் கொட்டவில்லை. அதையே குரல் பதிவாகப் பேசி, அந்தப் போன் குழுவிலும் போட்டேன். மூன்று தடவை அழித்து அழித்துப் பேச வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் போன் வந்த விஷயத்துக்கு வரும்போது நாக்கு தானாகச் சுற்றி வளைத்தது.

அந்த முதலாளி அதோடு எனக்கு வேலை தருவதை நிறுத்திவிட்டார். போகட்டும். மாஸ்டருக்கு வேறொரு யூனிட்டில் டேபிள் வேலையே கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கே ஒருமுறை நான் பிலிம் கொண்டுபோனபோது அவர்தான் நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. பிலிமை வாங்கி, என் எதிரிலேயே வைத்து அளந்து, அளவைச் சத்தமாகப் படித்தார். பிறகு, "சரிதானம்மா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. சரிதானுங்க என்றேன்.

இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, குறையவில்லை. ஆனால் எதிரில் நிற்பவர் மேல் பாயும் முன், இவர் சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்று நான் பயப்படுகிறேனா என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த டேபிள் பக்கத்தில் நின்று அத்தனை சத்தமாக நான் கத்தியது, அவர் சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயந்ததால்தான்.