பறங்கிப்பட்டையும் அண்ணன் எலும்பும்

நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கிற சகோதரர்களே, நம்மகிட்ட வர்ற ஆளு, ஒண்ணு எல்லா டாக்டரும் கைவிட்டப்புறம் வருவான். இல்ல, எந்த டாக்டரும் பார்க்கறதுக்கு முந்தி வருவான். ரெண்டுமே நமக்கு ஆபத்து. எண்பதுகள்ல பழவேற்காட்டுல நான் பட்டதைக் கேளுங்க.

வெளுத்த முகம்

அஞ்சலை இறால் கூடையோட பொன்னேரிக்குப் போய் வர்ற பொண்ணு, என் மக வயசு. இருமலுக்கு அதிமதுரம் வாங்க வந்தா அரை மணி நேரம் வாயடிப்பா. என் வீட்டுக்காரி மவுத்தாகி நாலு வருஷம், வீட்டுல பேச ஆள் கிடையாது. சீக்கிரம் திரும்பி வரட்டும்னே அதிமதுரத்தைக் குறைச்சுக் கட்டுவேன்.

அந்தப் பொண்ணுக்கு முகம் வெளுத்து, தொட்ட எடமெல்லாம் கன்னிப் போச்சு. ரத்தக் கெடுதின்னு பறங்கிப்பட்டை வேரை இடிச்சுச் சூரணம் குடுத்தேன். மூணு மாசம் குடுத்தேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்! பட்டணத்துல பார்த்துட்டு ரத்தப் புற்றுநோய்னாங்க. அவ அண்ணன் தேசப்பன்தான் வந்து சொன்னான்.

"உம்மேல இன்னா தப்பு பாய்? நாங்களும் சோகைன்னுதான் நெனச்சோம்."

தள்ளி வச்ச பாடு

தேசப்பன் எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜை தங்கச்சிக்குப் பொருந்துச்சு. அதை ஊசியால எடுத்து அவ ஒடம்புல ஏத்தணுமாம். அந்த நேரம் பார்த்து அவனுக்குப் பாடு வந்துச்சு, அதாவது ஏரியில நல்ல எடத்துல வலை கட்ட அவனோட முறை. ஊர்க்காரங்க பெரிய மனசு பண்ணி முறையைத் தள்ளி வச்சாங்க.

தங்கச்சி படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குக் கெளம்பற அன்னிக்கு தேசப்பன் கடைக்கு வந்து, பால்ல கலந்து ரகசியமாக் குடுக்கச் சூரணம் கேட்டான். அவ பொழைச்சா அதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டுமேன்னு ஆசை. கட்டிக் குடுத்துட்டேன்.

"அவுங்க எலும்பைப் பாக்கட்டும், நீ ரத்தத்தைப் பாத்துக்க பாய்."

ஒரு கைப்பிடி

டாக்டருக்குத் தெரியாமக் குடுத்தா அவளுக்கு என்ன ஆகுமோன்னு ரெண்டு நாளா அதே நெனப்பு. மூணாம் நாள் கடையைப் பூட்டிட்டு பஸ், ரயில்னு மாறி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அஞ்சலை மொட்டைத் தலையோட தூங்கிட்டிருந்தா. நல்லவேளை, தேசப்பன் பொட்டலத்தை இன்னும் பிரிக்கல. வாங்கி நானே டாக்டரம்மாகிட்ட நீட்டினேன்.

திட்டுவாங்கன்னு பார்த்தா உக்காரச் சொன்னாங்க. சீனாவுல மூலிகையையும் மஜ்ஜை வைத்தியத்தையும் சேர்த்துச் செஞ்சு பார்க்கறாங்களாம். பறங்கிப்பட்டையே சீனாவுல இருந்து கப்பல்ல வந்த சரக்குதானேன்னு எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்துச்சு. அப்புறம் அளவு கேட்டாங்க. கைப்பிடின்னேன். யார் கைப்பிடின்னாங்க. என்னைப் பெத்த வாப்பா கைப்பிடின்னேன். அவரு போய்ச் சேர்ந்து இருபது வருஷம். அந்தம்மா சிரிக்கல.

"அவ ஒடம்புல இப்ப எதிர்ப்புச் சக்தியே கிடையாது பாய், வேர்ல ஒட்டியிருக்கிற பூஞ்சையே அவளைக் கொன்னுடும்."

எதிர்ப்பக்கம்

அல்லா புண்ணியத்துல பொழைச்சுட்டா. ஆனா ஊர் திரும்ப ஒரு வருஷமாச்சு. பஸ் சத்தம் கேட்டா எட்டி எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு எதிர்ப்பக்கம் நிக்கறா! அடி என் ராசாத்தின்னு ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டேன். தெருவைத் தாண்டல.

"உன் கடைத் தூசு எனக்கு ஆவாதாம் பாய். இங்கேர்ந்தே கேக்கறேன், நீ நல்லாக்கீறியா?"

இத்தனை வருஷ வியாபாரத்துல ஊரார் நோவெல்லாம் நான் கேட்டாச்சு, என்னைக் கேட்டவ எட்ட நின்ன அந்த ஒருத்திதான், அதுவும் ஒண்ணும் வாங்காம.