இனிப்புக் கலக்காத தூது

அவளுக்கு வீட்டிலும் தெருவிலும் பெயர் சமாதானம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி.

சின்னப் பெண்ணாக இருந்தபோதே இந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. மாடிவீட்டு அம்மாவும் கீழ்வீட்டு அம்மாவும் தண்ணீர்க் குழாய்க்காக ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்காமல் இருந்த காலம் அது. "அந்த ராட்சசிகிட்ட வாளியை எடுக்கச் சொல்லுடி" என்று மேலேயிருந்து சத்தம் வரும். இவள் இறங்குவாள், நடுப்படியில் ஒரு நிமிஷம் நிற்பாள். கீழே போய்ச் சேரும்போது அது, "அத்தை, மாடி அத்தை கேட்டாங்க, உங்க வாளியைக் கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா?" என்று மாறியிருக்கும். இரண்டு பேரும் சிரித்துப் பேச ஆரம்பித்தபோது இவளுக்கு ஒரு மிட்டாய்கூடக் கிடைக்கவில்லை. ஊர் வழக்கம் அதுதானே!

வளர்ந்து படித்து, ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் வேலைக்குப் போனாள். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அலமாரி நிறைய அகராதிகள், ஒரு மேசை விசிறி. அகராதியின் ஆசிரியரை எல்லாரும் கத்தரிக்கோல் என்பார்கள். நீங்கள் பத்து வார்த்தை எழுதினால் அதில் நாலு மிஞ்சும். மனிதர் கெட்டவர் இல்லை, வார்த்தையில் மட்டும் கஞ்சன்.

வீட்டில் அவளும் அப்பாவும்தான். அம்மா போய் வெகுகாலம் ஆயிற்று. அப்பா வண்டி மெக்கானிக், வீட்டு முன்பக்கமே பட்டறை. கையில் நூறு வித்தை உண்டு, வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. கோபம் வந்தால் யார் எவர் என்று பார்க்க மாட்டார். அப்படித்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் பெற்ற பிள்ளையையே பகைத்துக்கொண்டார். அவளுடைய தம்பி அன்றைக்கு அப்பாவின் சொந்த ஸ்கூட்டருக்கு, எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றி இன்ஜின் மூடியைப் பூட்டியிருந்தான். ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. பட்டறை நிறைய வாடிக்கைக்காரர்கள் நிற்க, "உன் கையில ஸ்பேனரைக் குடுத்தது குரங்கு கையில பூமாலையைக் குடுத்த மாதிரி!" என்றார் அப்பா. தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்தான், துணியில் கையைத் துடைத்துக்கொண்டான், போய்விட்டான். பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியாகப் பட்டறை போட்டுக்கொண்டான்.

சமாதானம் சும்மா இருப்பாளா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாலம் தாண்டினாள். "அந்தத் தடிமாடு உயிரோட இருக்கானா?" என்று அப்பா கேட்டால், தம்பியிடம் போய், "அப்பா உன்னை ரொம்ப விசாரிச்சாரு" என்பாள். "இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருக்காரா?" என்று தம்பி கேட்டால், அப்பாவிடம் வந்து, "உங்க உடம்பைப் பத்திக் கேட்டான்பா" என்பாள். இரண்டு பக்கமும் ஒரு "ஊம்" வரும். அந்த ஊம்களை வைத்துக்கொண்டே அவள் ஆறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டாள். இரண்டு பேருக்கும் மனசில் ஒரு குறையும் இல்லை. பிறகு எதற்கு ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்க வேண்டும்?

இப்போது அப்பாவுக்கு நெஞ்சில் கத்தி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். வியாழக்கிழமை ஆபரேஷன். "வயசும் ஆகிவிட்டது, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும்" என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பட்டறையில் ஸ்கூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்த மடப்பயலை வரச் சொல்லு. அவன் பூட்டின லட்சணம் இன்னும் எண்ணெயைக் கக்குது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒழுங்காப் பூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அப்பா வாயிலிருந்து 'வரச் சொல்லு' வந்திருக்கிறது. அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். ஆனால் பழக்கம் விடுமா? பாலத்தின் நடுவில் கால் தானாக நின்றது. மடப்பயலை எடுத்துவிட்டாள். தம்பி பயந்துவிடுவானே என்று ஆபரேஷனையும் பாதியாகக் குறைத்தாள்.

"அப்பா உன் நினைப்பாவே இருக்காருடா. கண்ணுக்குள்ளயே நிக்கிறியாம். நெஞ்சுல ஒரு சின்ன வைத்தியம், பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

தம்பி சிரித்தான். "அக்கா, நம்ம அப்பா வாயில கண்ணுன்னு ஒரு வார்த்தை வந்தா அது கண்ணாஸ்பத்திரிக்குத்தான் வரும். ஆறு வருஷமா இதே பாட்டு. நீ நல்லவதான், ஆனா நீ கொண்டு வர்ற அப்பா யாருன்னே எனக்குத் தெரியல. சின்ன வைத்தியம்தானே? முடியட்டும், பார்க்கலாம்."

மறுநாள் அவள் மேசைக்கு வந்த சொல் 'எம்பஸேஜ்'. இன்றைக்கு யாரும் புழங்காத பழைய ஆங்கிலச் சொல். அரசர்கள் ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பிப் பேசிய காலத்தில் புழங்கியது. தூது போகிற காரியத்துக்கும் அதுதான் பெயர், கொண்டுபோகிற சேதிக்கும் அதுதான் பெயர், போகிற கூட்டத்துக்கும் அதே பெயர். அதனுடைய உறவுச் சொல்லான எம்பஸி இன்றைக்கு வாசலில் காவல்காரனோடு கட்டடமாக நிற்கிறது. வேரைத் தேடிப் போனால் பிரெஞ்சு, லத்தீன் எல்லாம் தாண்டி, ஐரோப்பாவின் பழங்குடிகளின் பேச்சில் ஓர் ஏவலாளிடம் போய் முடிகிறது. இங்கும் அங்கும் சுற்ற விடப்பட்டவன் என்று அர்த்தம் இருக்கலாம் என்கிறார்கள் பண்டிதர்கள். அட, நம்ம ஜாதகம்தானா இது என்று நினைத்துக்கொண்டு, 'ஒருவர் சொன்னதை மற்றவரிடம் இனிமையாகக் கொண்டு சேர்த்தல்' என்று எழுதி நீட்டினாள்.

ஆசிரியர் பேனாவை எடுத்தார். ஒரே ஒரு வார்த்தையை அடித்தார்.

"இனிமையாகங்கிறது எங்கேருந்தும்மா வந்துச்சு? இவ்வளவு தூரம் தேடியிருக்க, அந்தச் சொல்லுல எந்தக் காலத்துலயும் அது இல்லையே."

"நான்தான் சார் சேர்த்தேன்" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது. பாவம், மனிதர் பதறிப்போனார். அடித்ததைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றுகூடச் சொன்னார். அவர் ஆயுளில் முதல் தடவை! அவள் வேண்டாம் என்று தலையாட்டி, அரைநாள் லீவு கேட்டாள்.

இந்தத் தடவை பாலத்தின் நடுவில் அவள் நிற்கவில்லை. தம்பியின் பட்டறைக்குள் போய், ஒரு லாரி டயருக்குப் பக்கத்தில் நின்று, மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"டேய், நேத்து நான் சொன்னது பொய். அப்பா சொன்னது இதுதான். அந்த மடப்பயலை வரச் சொல்லு. அவன் பூட்டின லட்சணம் இன்னும் எண்ணெயைக் கக்குது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒழுங்காப் பூட்டிட்டுப் போகச் சொல்லு. வியாழக்கிழமை நெஞ்சைத் திறக்கிறாங்க. சின்ன வைத்தியம் இல்ல."

தம்பி முதலில் சிரிக்கத்தான் சிரித்தான். பாதியில் நின்றுவிட்டது.

"அது இன்னுமா கசியுது?"

"கீழே ஒரு தகரத் தட்டு வெச்சிருக்காரு. நிரம்பினா எடுத்து ஊத்துவாரு."

"அவரு கண்ணை மூடிக்கிட்டு முழு இன்ஜினையே இறக்குவாரேக்கா. ஒரு மூடியைச் சரி பண்ணலையா?"

"பண்ணல. வேற யாரையும் தொடவும் விடல."

தம்பி திரும்பிக்கொண்டு எதையோ தேடினான். தேட அங்கே ஒன்றும் இல்லை. பிறகு கருவிப் பெட்டியை எடுத்தான். "உக்காரு வண்டியில" என்றான்.

வீட்டு வாசலில் அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "வந்துட்டாரு துரை" என்றார் காற்றைப் பார்த்து. தம்பி ஸ்கூட்டர் பக்கத்தில் குந்தினான். தகரத் தட்டை நகர்த்தினான். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, புதுசை வைத்து, போல்ட்டை முறுக்க ஆரம்பித்தான்.

"மூலைக்கு மூலை மாத்தி முறுக்கணும்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்றார் அப்பா.

"அது எனக்குத் தெரியும்னு சொல்லுக்கா" என்றான் தம்பி.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். பழக்கம்! அவளுக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, நல்லதாக நாலு வார்த்தை.

"எனக்கு உள்ளே வேலை இருக்கு. நீங்களே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு வேலையும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றாள்.

ஸ்பேனர் முறுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "இவ்வளவு இறுக்காதடா, மடையா." "தெரியும்பா, வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க." "ஆறு வருஷத்துல வாய் மட்டும் வளந்திருக்கு." "யாருக்குப் பொறந்தேன்?" அவளுக்கு ஓடிப்போய் நடுவில் நிற்கக் கால் துடித்தது. கதவைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பேனர் சத்தம் நின்றது. அப்பா குரல் இறங்கி வந்தது.

"உன்னைப் பார்க்காம கத்தி வெச்சுக்கப் பயமா இருந்துச்சுடா."

இத்தனை வருஷத்தில் அவள் எத்தனையோ இட்டுக்கட்டியிருக்கிறாள். இது அவளுக்குத் தோன்றியதே இல்லை.