நான்கு மணி நேரப் பசி

சங்கரன்கோவிலில் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வருகிற தாய்மார்கள் இசக்கிசெல்வியைத் திட்டாமல் போனதில்லை. டோக்கன் எழுதுகிற நானே மூன்று வருஷமாக அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். வாய்விட்டுச் சொன்னதும் உண்டு.

அவள் வேலை அப்படி. பிறந்து வாரக்கணக்காகியும் மஞ்சள் காமாலை தெளியாத குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுக்க நாலு மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது. வெறும் வயிற்றில்தான் பித்தப்பை நிறைந்து தெரியும். பால் குடித்தால் சுருங்கிவிடும். அப்புறம் நோயால் சுருங்கியதா, பாலால் சுருங்கியதா என்று டாக்டர் திணறுவார். பிள்ளை எவ்வளவு கத்தினாலும் தாயைத் தடுத்து வைப்பது செல்வியின் பொறுப்பு.

போன ஆடியில் இளையரசனேந்தலிலிருந்து அன்னக்கிளி வந்தாள். மகனுக்கு ஐம்பத்தோரு நாள். வெள்ளையாக வெளிக்குப் போகிறான். பித்தக்குழாய் அடைப்பென்றால் அறுபது நாளுக்குள் ஆபரேஷன் செய்வதுதான் நல்லது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று மணி நேரம் போயிருந்தது. பையனுக்கு அழுது அழுது குரல் கட்டிவிட்டது. அன்னக்கிளி அவனைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் பக்கம் நழுவ, செல்வி போய் வாசலை மறித்தாள்.

“ஒரு வாய் குடுத்துட்டு வாரேன்க்கா. யாருக்குத் தெரியப் போவுது?”

“ஸ்கேன்ல தெரிஞ்சிரும். போவாத தாயீ.”

“நீயெல்லாம் புள்ள பெத்தவதானா?” என்றாள் அன்னக்கிளி.

என் மனசிலும் அதே கேள்விதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“பெத்தவதான். இதே பாத்ரூம்ல வச்சுத்தான் எம்மவளுக்குப் பால் குடுத்தேன்,” என்றாள் செல்வி. “பித்தப்பை சுருங்கித் தெரியுது, பால் குடுத்தியான்னு டாக்டர் கேட்டாவ. ஆமான்னேன். அப்பம் நாளைக்கு வெறும் வயித்தோட வான்னாவ. வீட்டுல, அதான் பாலாலதான் சுருங்கிச்சுன்னு தெரிஞ்சு போச்சேன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாவ. பத்தியம் முடியுற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவக் கூடாதுன்னாவ. நானும் சரின்னுட்டேன். திரும்ப இங்கன வாரப்போ அவளுக்கு நூறு நாளு. ஆபரேஷன் பண்ணியும் கேக்கல. ஒரு வயசு நெறையல, போயிட்டா.”

அன்னக்கிளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மிச்சம் ஒரு மணி நேரமும் செல்விதான் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ஸ்கேனில் பித்தப்பை பேருக்குக்கூட இல்லை. பால் குடிக்காததால் அடைப்புதான், சந்தேகத்துக்கு இடமில்லை என்று டாக்டர் அன்றைக்கே ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவன் எப்படி இருக்கிறானோ, தெரியவில்லை.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்த செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எம்மவ ஒரு நேரங்கூட பசியோட கெடந்ததில்லக்கா,” என்றாள்.