எலுமிச்சை வைக்காத பந்தி

மெக்சிகோவில் எங்கள் வஹாகா ஊர்ச் சந்தையில் டொமித்திலாவின் பானக் கடைக்கு யாரும் வழி கேட்பதில்லை. ஆவி பறக்கும் தட்டோடு ஜனங்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்களோ அந்தப் பக்கம் போனால் போதும். நான் அவளுக்கு எதிரே ரொட்டி விற்கிறவள். இருபது வருஷமாக அவள் முகத்தைப் பார்த்தபடிதான் என் கூடையைக் காலி செய்கிறேன்.

தட்டை நீட்டினால் குனிந்து முகர்வாள். கண்கள் பாதி மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் அவள் சந்தையில் இருக்கமாட்டாள். குழியில் வெந்த ஆட்டுக்கறியின் வாசனை பிடித்து எங்கோ ஒரு மலைச்சரிவுக்குப் போய், அங்கே கற்றாழையின் அடியில் ஊறும் வெண்மையான கள்ளைக் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பி வருவாள். கடல்மீன் என்றால் வடக்கே கடலோரத்துத் திராட்சைத் தோட்டத்தின் வெள்ளை ஒயின். அவள் சொன்னது ஒருநாளும் தப்பாது.

"டொமித்திலா, வெட்டுக்கிளி வறுவல். சில்லுன்னு ஒரு பீர் கொடு."

"பீரா? புகை மணக்கிற கற்றாழைச் சாராயம், மெஸ்கால், ஒரு வாய் போதும். முத்தம் கொடுக்கிற மாதிரி உதட்டாலே தொடணும், முழுங்கக்கூடாது."

"முத்தம் கொடுத்து எத்தனை காலமாச்சு!"

"அது மூஞ்சியிலேயே தெரியுது, நகரு."

அவள் கடையில் எலுமிச்சம்பழம் மட்டும் கிடைக்காது. எங்கள் வஹாகாவில் எலுமிச்சை பிழியாமல் யார் பீரைத் தொடுவார்கள்? கேட்டால், "தீர்ந்துபோச்சு" என்பாள். பதினோரு வருஷமாக அது தீர்ந்துகொண்டே இருந்தது. அவள் முற்றத்தில் ஊரே பறித்தாலும் குறையாத ஒரு எலுமிச்சை மரம் இருந்தது எனக்குத் தெரியும். ஒருநாள் காலையில் அவளே கோடரி எடுத்து அதை வெட்டிச் சாய்த்ததும் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது.

போன பிப்ரவரி மாதம் ஒரு நடுப்பகலில் ஒடிலியா வந்து அவள் கடை முன் நின்றாள். டொமித்திலாவின் அக்கா அம்பாரோவின் ஒரே மகள். கையில் துணி சுற்றிய சின்ன மண்சட்டி.

"சித்தி, எனக்குக் கல்யாணம். பானத்துக்கு நீதான் ஞானத்தாயா நிக்கணும்."

எங்கள் கல்யாணங்களில் மோதிரத்துக்கு ஒரு ஞானத்தாய், பூவுக்கு ஒருத்தி, கேக்குக்கு ஒருத்தி, பானத்துக்கு ஒருத்தி. அழைத்தால் மறுக்கக்கூடாது.

"உங்கம்மா சம்மதிச்சாளா?"

"அவ ஊத்தட்டும், என்கிட்ட பேச வேண்டாம்னு சொல்லிடுச்சு. சித்தி, பந்திக்கு அம்மாதான் கறுப்பு மொலே கிண்டப்போகுது. பதினோரு வருஷத்துக்கு அப்புறம்."

ஒடிலியா போன பிறகு டொமித்திலா சட்டியைத் திறந்தாள். அக்காவின் மொலே. மிளகாயைக் கரிய நிறம் வரும்வரை வறுத்து, எள்ளும் சாக்லேட்டும் சேர்த்து மூன்று நாள் அரைத்துக் கிண்டிய குழம்பு. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கன்னங்களில் கண்ணீர் இறங்கியது.

அன்றுதான் எனக்குச் சொன்னாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு, ஊர்க் காவல் புனிதரின் திருநாள் விருந்து. மொலே அக்காவுடையது, பானம் தங்கையுடையது. வெயில் கொளுத்தியது, டொமித்திலா தன் மரத்துப் பழங்களையெல்லாம் பிழிந்து அண்டா அண்டாவாக எலுமிச்சைத் தண்ணீர் கலக்கினாள். முதல் வரிசை சாப்பிட்டது. யாரோ முகம் சுளித்தார்கள். "மிளகாயைக் கருக்கிட்டா." அவ்வளவுதான், அந்தச் சொல் பந்தி முழுக்க ஓடியது. "நல்லவேளை, டொமித்திலாவோட எலுமிச்சைத் தண்ணி இருந்துச்சு, கருகல் வாசனையைக் கழுவிக்கலாம்" என்று இன்னும் இரண்டு குவளை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

அன்று சாயங்காலம் மீந்த மொலேயை அவள் தனியாக ருசித்தாள். கருகல் இல்லை. ஆழமான, இனிப்பு கலந்த கறுப்பு. அதன்மேல் ஒரு வாய் எலுமிச்சைத் தண்ணீர் குடித்தாள். நாக்கெல்லாம் சாம்பல்! அந்தப் புளிப்புதான் மிளகாயின் கசப்பைக் கிளப்பிவிட்டிருக்கிறது.

"சொல்லியிருக்கலாமே, டொமித்திலா!"

"சொல்லத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் என்னைப் பாராட்டினாங்க. நாளைக்குச் சொல்லலாம்னு திரும்பிட்டேன். அந்த நாளை இன்னும் வரலை."

அம்பாரோவை அதன் பிறகு யாரும் சமைக்கக் கூப்பிடவில்லை. தங்கை அவள் முகத்தைப் பார்க்கக் கூசி அந்தத் தெருவில் நடப்பதையே விட்டாள். மரத்தை வெட்டினாள், வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் மதிய நேரங்களில் அவள் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தச் சட்டியோடு வாழ்ந்தாள். நானும் கூட இருந்தேன். கித்தான் கூரை வழியே ஒழுகிய வெளிச்சம் தரையில் காசு காசாக அசைந்தது. சிவப்பு ஒயின் ஊற்றினாள். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறாங்க. வேண்டாம்." மெஸ்கால் ஊற்றினாள். "புகையும் புகையும். அழகுதான். ஆனா இது சாப்பாடு முடிஞ்சு வரவேண்டிய விருந்தாளி." செம்பருத்தித் தண்ணீரை முகர்ந்ததோடு தள்ளி வைத்தாள். கடைசியில் கறுப்பு பீர், ஐஸில் போடாமல், மண்பானை நீரில் மட்டும் குளிர வைத்தது. ஒரு வாய் மொலே, ஒரு வாய் பீர். கண்களை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சந்தையின் கூச்சல் எங்கோ தூரத்து மழைபோலக் கேட்டது.

"இந்த பீர்ல இருக்கிற வறுத்த தானியம் மிளகாயைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது" என்றாள். "அக்கா என்னைத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போவாளே, அந்த மாதிரி."

கல்யாண முற்றத்தில் எல்லா மேஜையிலும் கறுப்பு பீர் வைத்தாள். எலுமிச்சை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒன்றை மறந்துவிட்டாள். பீர்ப் பெட்டி இல்லாமல் எங்கள் ஊரில் யார் கல்யாண வாசலை மிதிப்பார்கள்? மாப்பிள்ளை வீட்டார் வாத்தியக்காரர்கள் முன்னே ஊத, ஆளுக்கொரு பெட்டி வெளிர் பீரும் பை நிறைய எலுமிச்சையுமாக ஆடிக்கொண்டே நுழைந்தார்கள். கொண்டுவந்த சீரை வேண்டாமென்றால் அவமானம்.

பந்தி உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா அபுந்தியோ பீரில் முழுப் பழத்தையும் பிழிந்து ஒரு மடக்கு குடித்துவிட்டு, மொலேயில் தோய்த்த சோள ரொட்டியை வாயில் வைத்தார். முகம் சுருங்கியது.

"கொஞ்சம் கருகிடுச்சோ?"

பக்கத்து நாற்காலி திரும்பியது. அதற்கடுத்ததும். அடுப்பருகே கரண்டியோடு நின்ற அம்பாரோவின் முகம் வெளிறிப்போனதை நான் கண்ணால் கண்டேன். மணப்பெண்ணின் கை வாயைப் பொத்திக்கொண்டது. கடவுளே, மறுபடியுமா!

டொமித்திலா நடந்தாள். ஓடினாள் என்றுதான் சொல்லவேண்டும். அபுந்தியோவின் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினாள்.

"அபுந்தியோ மாமா, முதல்ல வாயைக் கொப்பளிங்க."

"ஏம்மா, நான் என்ன கெட்ட வார்த்தையா பேசினேன்?"

"அதைவிடப் பெருசு பேசிட்டீங்க. கொப்பளிங்க. இப்ப மொலே சாப்பிடுங்க. இப்ப இதைக் குடிங்க." கறுப்பு பீரை நீட்டினாள்.

வாத்தியம் நின்றுவிட்டது. பெரியவர் மென்றார், குடித்தார். ரொட்டியை இன்னொரு துண்டு கிழித்துத் தோய்த்தார். "அட!" என்றார். மூன்றாவது துண்டுக்குத் தட்டையே பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"கருகினது மொலே இல்லை, எலுமிச்சை!" டொமித்திலாவின் குரல் உடைந்தது. "அன்னிக்கும் இதேதான். திருநாள் விருந்துல எங்கக்கா எதையும் கருக்கலை. என் எலுமிச்சைத் தண்ணிதான் கெடுத்துச்சு. எல்லாரும் கேட்டுக்குங்க."

அம்பாரோ கரண்டியைக் கீழே வைக்காமலே வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே, அக்கா."

"நீ ஏன் என் வீட்டுப் பக்கம் வரலை?"

"எந்த முகத்தோட வருவேன்?"

"ஊரோட சேர்ந்து நீயும் என்னாலே வெக்கப்படுறேன்னு நினைச்சேன்டி. பதினோரு வருஷமா அப்படித்தான் நினைச்சேன்."

அவ்வளவுதான். திரும்பி அடுப்புக்கே போய்விட்டாள். டொமித்திலா நின்ற இடத்திலேயே நின்றாள். பீர்ப் பெட்டிகளை யாரோ ஓசையில்லாமல் சுவரோரம் நகர்த்தினார்கள். மேஜைகளிலிருந்து பழங்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. ஜனங்கள் சாப்பிட்டார்கள், பேச்சில்லாமல், தலை நிமிராமல், கனவில் சாப்பிடுகிறவர்களைப் போல. ஒருத்தி எழுந்து போய் அம்பாரோவிடம் கேட்டாள்: "ஆகஸ்ட்ல என் பையன் கல்யாணம். நீங்க வருவீங்களா?" அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்து முற்றம் தேன் நிறமானபோது, கூட்டமெல்லாம் ஆட எழுந்த பிறகு, அம்பாரோ ஒரு தட்டு எடுத்துவந்து காலி மேஜையில் தங்கை முன் வைத்தாள். கோழித் துண்டு, அதன்மேல் பளபளக்கும் கறுப்பு, ஒரு சிட்டிகை எள். எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொல்றியே. எனக்குச் சொல்லு, இதுக்கு என்ன குடிக்கலாம்?"

டொமித்திலா குனிந்து முகர்ந்தாள். கண்கள் பாதி மூடின. இந்தமுறை அவள் எங்கும் போகவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு பீரை எடுத்துத் திறந்து, தன் குவளையைத் துடைத்து, அதில் அக்காவுக்கு ஊற்றினாள்.

"உனக்கு?"

"மீதியை நான் பாட்டிலோடவே குடிச்சுக்கறேன், அக்கா."