மீட்டரில் எட்டு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் டி.வி. ஆன்டெனா கட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்புவார். மற்றவர் டி.வி.க்கும் வாசலுக்கும் நடந்து, "வருது, வருது... போச்சு!" என்று கத்துவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ கடை வைத்திருந்த என் அத்தானுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் கத்துவேன்.

ஒருமுறை அத்தான் மதுரையிலிருந்து சிக்னல் மீட்டர் வாங்கி வந்தார். டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள், ஒரு முள். ஆன்டெனா ஒயரை அதில் செருகித் திருப்பினால், சிக்னல் கூடும் திசையில் முள் ஏறும்.

"இனி நீ தொண்டை கிழியக் கத்த வேண்டாம் மாப்ளே. டி.வி. வாரதுக்கு முந்தியே ஆன்டெனாவக் கட்டிப்புடலாம்" என்றார்.

அப்படிக் கட்டிய முதல் வீடு ராஜபாளையத்தின் மேற்கு ஓரத்தில், மலைக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்காரர் மில் ஃபிட்டர். அவருடைய ஒரே மகள் வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு மெட்ராஸ் போய் மூன்று வருஷம். அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. அந்த ஞாயிறு மாலை ஐந்தரைக்கு டி.வி.யில் சேர்ந்திசை பாடுகிறேன் என்று அம்மாவுக்குக் கார்டு போட்டிருந்தாள். கார்டைப் படித்ததாக ஃபிட்டர் காட்டிக்கொள்ளவில்லை. கடையில் டி.வி.க்குச் சொல்லிவிட்டு அத்தானை வரச் சொன்னார். இதையெல்லாம் அந்த அம்மாள்தான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

காலை ஒளிபரப்பு நடக்கும்போது மாடியேறினோம். ஆன்டெனாவை வடக்கே கொடைக்கானல் பக்கம் திருப்பினால் முள் நாலில் நின்றது. மேற்கே மலைப்பக்கம் திருப்பினால் எட்டு.

"டவர் வடக்கதான இருக்கு?" என்றேன்.

"முள்ளு பொய் சொல்லுமாக்கும்?" அத்தான் எட்டில் வைத்து நட்டுகளை இறுக்கினார்.

டி.வி. வந்தது மாலை ஐந்தேகாலுக்கு. ஐந்தரைக்குப் பெண்கள் இரண்டு வரிசையாக நின்று பாடத் தொடங்கினார்கள். பாட்டு கேட்டது. ஆனால் ஒவ்வொரு முகத்தின் மேலும் இன்னொரு முகம் சற்றுத் தள்ளி விழுந்தது. பத்துப் பேர் இருபது பேராகத் தெரிந்தார்கள். மலையில் பட்டுத் திரும்பிய சிக்னல் தாமதமாக வந்து படத்தை இரட்டிப்பதும், நேரே வருவதற்கும் பட்டுத் திரும்புவதற்கும் முள்ளுக்கு வித்தியாசம் தெரியாது என்பதும் பிறகு தெரிந்துகொண்டவை.

"இதுல எவ எம்மக, தம்பி?" என்று அம்மாள் கேட்டார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை. கதவோரம் நின்ற ஃபிட்டர் இரண்டாவது வரிசைக்கு விரலை நீட்டினார். பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

நான் வாசலுக்கு ஓடினேன். "ரெண்டு ரெண்டாத் தெரியுது அத்தான்!"

மாடியில் நின்ற அத்தான் ஒயரைக் கழற்றி மீட்டரில் செருகினார். திரையில் இருந்ததும் போய், வெறும் புள்ளிகள் இரைந்தன.

"எட்டு காட்டுதுலே! டி.வி.லதான் கோளாறு!"

மறுபடி ஒயரை மாட்டினார். மறுபடி இரட்டை முகங்கள். மறுபடி கழற்றினார். இப்படியே மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டின் பாதி போனது.

கடைசியில் ஃபிட்டர் தெருவுக்கே இறங்கிக் கத்தினார். "மீட்டரத் தூக்கிப் போடுங்க தம்பி! வடக்க திருப்புங்க!"

நட்டைத் தளர்த்திக் கம்பத்தைத் திருப்பி முடித்தபோது, திரையில் ஒருவர் பருத்திக்கு மருந்தடிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பொத்தான்களை எண்ணலாம் போலிருந்தது.

பின்னாளில் சமவெளி ஊர்களில் அந்த மீட்டர் நன்றாகவே உதவியது. மலையடியில் டி.வி. முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

"அந்தப் பாட்டத் திரும்பப் போடுவாகளா?" என்று அம்மாள் கேட்டார். ஃபிட்டர் நாற்காலியில் உட்கார்ந்து பருத்தி நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியிலிருந்து அத்தான் குரல் வந்தது. "இப்ப எப்படி மாப்ளே?"

வாசலுக்குப் போய், "நல்லாத் தெரியுது!" என்று கத்தினேன்.