கக்கூஸ் லாரிக்கு மாறிய மருதமுத்து

மருதமுத்துவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. மலாக்கா காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் மனைவி பூங்காவனத்தோடு குடியிருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் அவர் ரப்பர் ஏற்றிப் போன லாரியை ஜப்பான்காரன் பறித்தபோது, லாரியோடு அவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான்.

பெட்ரோல் கிடையாது. லாரியின் முதுகில் ஆளுயர இரும்பு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். காலையில் அடுப்பை மூட்டி, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்புவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகும் ரயில் பாதையைப் பெயர்த்தார்கள். சயாமில் புதுப்பாதை போடுகிறார்களாம். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் லாரியில் தம்பினுக்குப் போயின. ஏற்றி இறக்கிய கூலிகளையே ஒவ்வொருவராகச் சயாமுக்கு அனுப்பிவிட்டதால், டிரைவரும் தோள் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மத்தியானம் கட்டையைத் தூக்கி நிமிரும்போது மருதமுத்துவின் இடுப்பில் சுரீரென்றது. அன்றிலிருந்து இடது கால் மரத்துப் போகத் தொடங்கியது.

ஒருநாள் தம்பின் போகும் வழியில், அலோர் காஜாவுக்கு முன்னால் ஒரு இறக்கம். கிளச்சை மிதித்தார். கால் அதன்மேல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் கால் பக்கத்துப் பலகையில் கிடந்தது. எதிரே ஒரு மாட்டுவண்டி. பிரேக்கை அழுத்தி, வண்டியைப் புல்லில் ஏற்றி நிறுத்தினார். பக்கத்தில் கலியாணசுந்தரம் இருந்தான். ஏற்றுகூலி அவன், நாற்பது வயது, லாரி ஓட்டவும் தெரியும்.

"அண்ணே, கால் சரியில்லேன்னா என்கிட்ட கொடுங்க. டிரைவருக்கு அரிசி கூட கொடுக்கிறான். வீட்டுல நாலு பிள்ளைங்க மரவள்ளிக்கிழங்கையே தின்னுக்கிட்டு கிடக்குதுங்க."

மருதமுத்து வண்டியைத் திரும்ப ரோட்டில் ஏற்றினார். தூக்க முடியவில்லை என்று சொன்னால் வேலை போகும். வேலை இல்லாதவன் பெயர்தான் சயாம் பட்டியலில் முதலில் ஏறும்; போனவன் எவனும் இதுவரை திரும்பியதில்லை. சொல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் ஆளைக் கொல்வார்.

லாரி கொட்டகையில் மெக்கானிக் ஹனீபாவிடம் மட்டும் மனதைத் திறந்தார்.

"ஹனீபா நானா, கால் விட்டுப் போச்சு."

ஹனீபா சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கக்கூஸ் லாரி டிரைவர் மலேரியாவுல போய்ட்டாரு. நாலு நாளா வண்டி எடுக்கல. வீடு வீடா மலவாளி தூக்க ரெண்டு பேரு இருக்காங்க. நீங்க ஓட்டினா போதும், ஊருக்குள்ளேயே, ஆளு நடக்கிற வேகத்துல. ஆனா யாரும் அதுக்குப் போக மாட்டேங்கிறாங்க."

வீட்டில் சொன்னதும் பூங்காவனம் அழுதாள். "நம்ம வாசல்ல இனி எவன் கால் வைப்பான்?"

"வாளி தூக்குறவனும் மனுசந்தானே? நான் உக்காந்து ஓட்டத்தானே போறேன்?" என்று எரிந்து விழுந்தார். அவருக்கும் கூசத்தான் செய்தது.

மறுநாள் காலை ஜப்பான் அதிகாரியின் மேசைக்கு முன் தலை குனிந்து நின்றார். வெளியே முற்றத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி புறப்படத் தயாராக இருந்தது. எங்கே போகிறது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

அதிகாரி உடைந்த மலாயில் கேட்டான்: "தூக்க முடியாதா? அப்படியானால் நீ எதற்கு?"

"ஓட்ட முடியும், துவான். தூக்கத்தான் முடியாது."

அதிகாரி வெளியே நின்ற லாரியைக் கையால் காட்டினான். "சயாமில் லேசான வேலையும் உண்டு."

மருதமுத்து அந்தப் பக்கம் திரும்பவில்லை. "துவான்களுடைய வீடுகளில் நாலு நாளாக வாளி எடுக்கவில்லை. அந்த லாரியை ஓட்ட ஆள் இல்லை. நான் ஓட்டுகிறேன். இன்றைக்கே."

அதிகாரியின் மூக்கு சுருங்கியது. நாற்றம் அவனுக்கும் தெரிந்த சங்கதி.

"தம்பின் லாரியை யார் ஓட்டுவது?"

"கலியாணசுந்தரம்" என்றார் மருதமுத்து. யோசிக்காமலேயே வந்துவிட்டது.

அதிகாரி அவரை வெளியே நிற்கச் சொன்னான். வெயிலில், அந்தச் சயாம் லாரியின் பின்பலகையை ஒட்டி நின்றார். உள்ளே இருந்த ஒருவன் தண்ணீர் கேட்டான். காவல்காரன் துப்பாக்கியைத் திருப்பினான். எண்ணிக்கை முடிந்து பின்பலகையைச் சாத்தும்வரை மருதமுத்து தன் பெயரைக் கூப்பிடுவார்களோ என்று காது கொடுத்து நின்றார். லாரி போன பிறகுதான் ஒருவன் அவரைக் கக்கூஸ் லாரிக்கு மாற்றி முத்திரை குத்திய சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான்.

கலியாணசுந்தரம் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "தம்பின் லாரி எனக்குத்தானாம். உங்க புண்ணியம்ணே!"

புது வேலை லேசாகத்தான் இருந்தது. காலையில் தெருத்தெருவாகப் போய், உஜோங் பாசிர்ப் பக்கம் தோண்டிய குழிகளில் கொட்டிவிட்டு வந்தால் முடிந்தது. காவல் சாவடியில் நாற்றம் தாங்காமல் தூரத்திலேயே கையசைத்து அனுப்பிவிடுவார்கள். அக்கம்பக்கத்தார் கிணற்றடியில் பூங்காவனத்தைக் கண்டு ஒதுங்கி நின்றார்கள். அவள் தினமும் வெந்நீர் வைத்து அவர் இடுப்பில் ஊற்றினாள்.

ஏழாவது வாரம் தம்பின் லாரியை வேறொருவன் ஓட்டிக்கொண்டு வந்தான். தம்பின் ஸ்டேஷனில் சயாம் ரயிலுக்கு ஒரு தலை குறைந்ததாம். பக்கத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த கலியாணசுந்தரத்தை இழுத்து ஏற்றிவிட்டார்கள். டிரைவர் என்று அவன் கத்தியதை யாரும் கேட்கவில்லை.

அன்று மருதமுத்து சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து தன் ரேஷன் அரிசியில் பாதியை அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். நேரில் போகத் துணிவு வரவில்லை.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். கலியாணசுந்தரம் வரவில்லை. ஒரு சாயங்காலம் அவன் மனைவி சந்திரமதி காஜா பெராங்குக்குத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். நீங்களே அந்த வண்டியை ஓட்டியிருந்தா, உங்களைத்தான் ஏத்தியிருப்பானா?"

மருதமுத்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"கிழவன்னு விட்டிருப்பானோ என்னவோ. தெரியலம்மா. ஆனா அவன் பேரைச் சொன்னது நான்தான்."

"அவரா அந்த வேலையைக் கேட்டுத்தானே சொன்னீங்க" என்றாள் அவள். ஆறுதலா, குற்றச்சாட்டா என்று அவருக்குப் புரியவில்லை.

பிறகு வெள்ளைக்காரன் திரும்பி வந்து, மரம் ஏற்றும் லாரிக்கு ஆள் தேடியபோது, ஹனீபா மருதமுத்துவின் பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"யார் பேரையும் சொல்லாதீங்க நானா" என்று சொல்லிவிட்டு, மருதமுத்து கக்கூஸ் லாரியிலேயே ஏறி உட்கார்ந்தார்.